மலையிலேயே காய்ந்த இடம்

நவம்பர் 12, செவ்வாய்

நாளைக்குக் கிளம்புகிறோம். எட்டு நாள் சுற்று. வடக்குச் சரிவு முழுக்க நடந்து, மரத்தில் கட்டியிருக்கும் ஒன்பது தானியங்கிக் கேமராவிலும் பழைய மெமரி கார்டைக் கழற்றிப் புதுக் கார்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். மழை ஓயட்டுமே என்றேன். "வேட்டைக்காரன் ஓயட்டும்னா இருக்கான்?" என்றார் ரேஞ்சர். அவருக்கென்ன, ஜீப்பில் கூரை இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை வடக்குச் சரிவில் மிளா மான் ஒன்றின் தலையும் குடலும் மட்டும் கிடந்தன. அந்த வாரம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் தெற்கே இருந்தோம். நாங்கள் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான், எவனோ சொல்லியிருக்கிறான் என்கிறார் ரேஞ்சர். இருக்கலாம். காட்டில் காக்காய்க்குக்கூட வாய் உண்டு.

மூன்று பேர் என்றால் நான், மாடக்கண்ணு, எஸ்தர் மேடம். நானும் மாடக்கண்ணுவும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். எனக்குப் பதினாலு வருஷம், அவனுக்கு ஒன்பது, இரண்டு பேரும் இன்னும் தற்காலிகம்தான். மேடம் வனக்காப்பாளர், நாசரேத் பக்கம், வயது இருபத்தேழு, ஜூனில் வந்தது. எங்களுக்கு மேலதிகாரி. நல்ல பிள்ளைதான். ஆனால் அது வாங்கி வந்திருக்கும் பைக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மழை உறை. அதைப் பார்த்ததும் எனக்கு அலுப்பாக வந்தது.

வெளியே போடுகிற உறை மழைக்கு அல்ல, பார்வைக்கு. முதுகுப் பக்கமாக வழிகிற தண்ணீரும் நம் வேர்வையும் உறையைக் கேட்டுக்கொண்டா உள்ளே போகின்றன? காக்க வேண்டியது உள்ளே. உரச்சாக்குக்குள் கனமான பாலித்தீன் பை ஒன்று இருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து முதுகுப்பைக்குள் இறக்க வேண்டும். அடியில் கம்பளி, மேலே அரிசி, அதற்கும் மேலே உப்பு, மாத்திரை டப்பாவில் போட்ட தீப்பெட்டி, வாக்கிடாக்கி பேட்டரி. காற்றை அழுத்தி வெளியேற்றி, கழுத்தைத் திருகி, மடக்கி, சைக்கிள் டியூப்பில் அறுத்த நாடாவால் மூன்று சுற்று. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். இழுக்காதவரை அவிழக் கூடாது. பதினாலு வருஷத்தில் என் முடிச்சு தானாக அவிழ்ந்ததில்லை.

இந்த நோட்டுக்கும் தனிப் பை உண்டு. எழுதுவது பென்சிலில். பேனா மை நனைந்தால் ஓடிவிடும், பென்சில் நிற்கும்.

முகாம் சாமான்கள் மாடக்கண்ணு பொறுப்பு. மழைக்கோட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "பூதண்ணே, ஒம்ம பதினேழாம் நம்பர் கோட்டு எங்க?" என்று கேட்டான். இங்கேதான் எங்கேயாவது கிடக்கும் என்று சொன்னேன். கோட்டின் முதுகில் 17 என்று வெள்ளைப் பெயிண்டால் நானே எழுதியது, யாரும் மாற்றி எடுத்துப் போகக் கூடாதென்று. இப்போதைக்குத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைப் போர்த்திக்கொள்கிறேன்.

வேலை நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் இந்த முறை என் பெயர் இருக்கிறதாம். ரேஞ்சரே சொன்னார். என் வீட்டுக்காரி பேராச்சியிடம் சொன்னேன். போனில் அழுதாள்.

நவம்பர் 13, புதன்

காலையில் விட்ட மழை பத்து மணிக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. இரண்டு கேமரா முடிந்தது. சாக்ஸில் மூக்குப்பொடி தேய்த்தும் அட்டை ஏறத்தான் செய்தது. பதினொன்று பிடுங்கினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஓலைக் கொட்டகையில் மேடம் பையைத் திறந்தது. உறைக்குள்ளே ஒரு படி தண்ணீர் தொட்டில் கட்டி நின்றது. தூங்கும் பை, மாற்றுத் துணி, கார்டில் இருக்கும் படத்தை அங்கேயே பார்ப்பதற்கென்று கொண்டுவந்த டேப்லெட், எல்லாம் ஊறிப்போயிருந்தன. டேப்லெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் தண்ணீர் சொட்டியது. பாவமாக இருந்தது. நான் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். மேலதிகாரிக்குப் புத்தி சொல்ல நான் யார் என்று சும்மா இருந்துவிட்டேன். அதுவும் ஒரு வீம்புதான்.

என் கம்பளியைக் கொடுத்தேன். அது கையில் வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்தது. "எப்படி அண்ணாச்சி இப்படி மொறுமொறுன்னு இருக்கு?" என்றது. உரச்சாக்கு விஷயத்தைச் சொன்னேன். உடனே கார்டு போட்டிருந்த சின்ன டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டியது.

"இனிமே கார்டெல்லாம் உங்க பையிலயே இருக்கட்டும். இந்த மலையிலயே காஞ்ச இடம் அது ஒண்ணுதான்."

பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

நவம்பர் 14, வியாழன்

மழை. நடந்தோம். மூன்றும் நாலும் முடிந்தது.

நவம்பர் 15, வெள்ளி

ஐந்தாவது கேமரா காலையிலேயே முடிந்தது. மத்தியானம் மழைக்கு ஒதுங்கலாம் என்று குகை மாதிரி ஒரு பாறைப் பொடவுக்குள் நுழைந்தோம். எங்களுக்கு முன்பே யாரோ ஒதுங்கியிருக்கிறார்கள். மூன்று கல் அடுப்பு, சாம்பல், எலும்பு, பீடித் துண்டு. மூலையில் கல்லுக்கு அடியில் ஒரு மூட்டை. திரும்பி வருகிறவன் வைத்துப்போன மூட்டை. உரச்சாக்குப் பாலித்தீன், கழுத்தைத் திருகி மடக்கியது, சைக்கிள் டியூப் நாடா, மூன்று சுற்று.

மேடம் ஒரு இழுப்பு இழுத்தது. அவிழ்ந்துகொண்டது. உள்ளே உப்பு, மாத்திரை டப்பாவில் தீப்பெட்டி, காகிதத்தில் பொதிந்த நாட்டுத் துப்பாக்கிக் கரிமருந்து. எல்லாம் பொரிகடலை மாதிரி காய்ந்து கிடந்தன.

"உங்க கட்டு மாதிரியே இருக்கே அண்ணாச்சி."

"இந்தப் பக்கம் எல்லாவனும் இப்பிடித்தான் மேடம் கெட்டுவான்" என்றேன்.

மாடக்கண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு பீடித் துண்டுகளைப் பொறுக்கித் தடயத்துக்கென்று ஒரு காகித உறையில் போட ஆரம்பித்தான்.

பொடவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறாம் கேமரா. தீபாவளிக்கு முந்திய வாரம்தான் நானும் மேடமும் அதைப் பழைய இடத்திலிருந்து இந்தத் தடத்துக்கு மாற்றினோம். பொடவுக்கு யார் வந்தாலும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். கார்டைக் கழற்றி மேடம் என் கையில் கொடுத்தது. "இதுல ஆளு கண்டிப்பா இருக்கு அண்ணாச்சி, பத்திரம்" என்றது. நகத்தளவு சாமான். டப்பாவில் போட்டு மூடினேன்.

இடது குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. நாளை நடப்பது கஷ்டம்.

நவம்பர் 16, சனி

நடக்கவில்லை. ஓடையில் வெள்ளம் இறங்கட்டும் என்று பொடவிலேயே கிடந்தோம். கையில் வேலை இல்லாவிட்டால் புத்தி கண்ட இடத்தில் மேய்கிறது.

கொம்பையாவைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதில்லை. பேராச்சியின் தம்பி. நான்தான் ரேஞ்சரிடம் சொல்லி இங்கே காவலராகச் சேர்த்துவிட்டேன். இரண்டு வருஷம் இருந்தான். நல்ல கால், நல்ல கண். ஆள் குறைப்பு வந்தபோது போன வருஷம் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். பெயிண்ட் வேலைக்குப் போகிறேன் என்கிறான், போகிறான் என்றுதான் நினைக்கிறேன். பேராச்சிக்கு அவன் தம்பி இல்லை, பிள்ளை. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பை கட்ட அவனும் என்னிடம்தான் கற்றுக்கொண்டான். அதனால் என்ன? மாடக்கண்ணுவும்தான் என் மாதிரியே கட்டுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். கறிக்குழம்பு. கொம்பையா வாங்கி வந்தானாம். ஆட்டுக்கறிதான். கொஞ்சம் நார் அதிகம், கிழட்டு ஆடாக இருக்கும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஓடையைக் கடந்தோம். இடுப்பளவு தண்ணீர், நல்ல இழுப்பு. கயிறு கட்டி மாடக்கண்ணு முதலில் போனான், பிறகு மேடம், கடைசியாக நான். நடுவில் பாசிக்கல்லில் கால் வைத்துவிட்டேன். குதிகால் புண் வேறு. விழுந்தேன். கயிற்றை விடவில்லை, ஆனால் பை முழுக்கத் தண்ணீருக்குள் போய் வந்தது.

கரையேறித் திறந்து பார்த்தோம். அரிசி காய்ந்திருந்தது, கம்பளி காய்ந்திருந்தது, தீப்பெட்டி, பேட்டரி, இந்த நோட்டு எதிலும் ஒரு சொட்டு இல்லை. கார்டு டப்பா மட்டும் வெளிப் பையில் இருந்தது. காலையில் சாமானை மாற்றி அடுக்கும்போது அங்கே வைத்திருப்பேன். மூடியும் சரியாக அழுந்தவில்லை போலிருக்கிறது. டப்பாவுக்குள் தண்ணீர் நிறைந்து ஆறு கார்டும் மூழ்கிக் கிடந்தன. நல்ல வேளை, ஒன்றும் ஆற்றோடு போகவில்லை. அரசாங்கப் பொருள் ஒன்றையும் நான் இதுவரை தொலைத்ததில்லை.

"ரெண்டு மாசப் படமும் போச்சு, மேடம். எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றேன்.

மேடம் அழும் என்று நினைத்தேன், அழவில்லை. டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு கார்டாகப் பையிலிருந்த என் காய்ந்த சட்டையில் ஒற்றி எடுத்தது. பிறகு அரிசிப் பையைக் கேட்டது. ஆறையும் ஒரு துணியில் முடிந்து, அரிசிக்கு நடுவே புதைத்தது.

"அரிசியில போட்டா என்ன ஆவும் மேடம்?"

"ஈரத்த இழுத்துரும் அண்ணாச்சி. கார்டுக்குத் தண்ணியால ஒண்ணும் ஆகாது. கடல்ல விழுந்து எடுத்ததெல்லாம் ஓடியிருக்கு. காயாம மிஷின்ல சொருகுனாத்தான் கெட்டுப்போவும். நாலு நாளு இதுக்குள்ளயே கிடக்கட்டும்."

எனக்கு இது தெரியாது. தண்ணீர் பட்டால் மிஷின் சாமான் எதுவும் பிழைக்காது என்றுதான் நினைத்திருந்தேன். டேப்லெட் போனதைப் பார்த்தேனே.

அரிசிப் பையை மேடம் என் பாலித்தீனுக்குள் வைத்து, "நீங்களே கட்டுங்க அண்ணாச்சி" என்றது. கட்டினேன். மூன்று சுற்று.

நவம்பர் 18, திங்கள்

அரிசி குறைந்துகொண்டுதான் வருகிறது. பை கனக்கிறது.

நவம்பர் 19, செவ்வாய்

ஏழு, எட்டு, ஒன்பது முடிந்தது. புதிதாக எடுத்த கார்டுகளும் அந்த முடிச்சுக்குள்ளேயே போய்விட்டன.

சமையல் நான்தான். ஒவ்வொரு வேளையும் அரிசிக்குள் கைவிட்டு, அந்தத் துணி முடிச்சை ஒதுக்கிவிட்டு, மூன்று கை அரிசி எடுக்கிறேன். மாடக்கண்ணு சிரிக்கிறான். "பாத்து எடும் பூதண்ணே. சோத்துல ஒண்ணு கெடந்து முழுங்கிட்டோம்னா, நாளைக்கு எங்க வயித்துல புலி உறுமும்." நானும் சிரித்தேன். பக்கத்திலேயே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேடம் விறகு பொறுக்கப் போயிருந்தது. மாடக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

உலை கொதித்தது. அரிசி போட்டேன். பையைத் திருகி மடக்கிக் கட்டினேன்.

களைப்பாக இருக்கிறது. நடந்த களைப்பு இல்லை, நடப்பது எனக்குப் பழக்கம்தான்.

நவம்பர் 20, புதன்

முகாமுக்கு வந்து சேர்ந்தோம். எட்டு நாளில் முதல் வெயில். சிக்னல் கிடைத்ததும் பேராச்சி கூப்பிட்டாள். கொம்பையாவுக்குக் காய்ச்சலாம், கஞ்சி வைத்துக் கொடுத்தாளாம். "மழையில நனையாத, ஒங்க அத்தான் கோட்டுதான் இருக்குல்லா, போட்டுட்டுப் போன்னு சொன்னா கேக்கானா?" என்றாள். கோட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொடியில் காய்கிறது என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

ரேஞ்ச் ஆபீஸ். கம்ப்யூட்டர் முன்னால் ரேஞ்சர் உட்கார்ந்திருந்தார், நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். மேடம் துணி முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாகச் சொருகியது. முதல் கார்டு திறந்தது. கரடி, முள்ளம்பன்றி, மறுபடி கரடி. நாலாம் கார்டு மட்டும் செத்துவிட்டது. ஆறாவதும் அப்படியே போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இதுவரை எனக்கென்று எதையும் அப்படி வேண்டியதில்லை.

திறந்தது. நவம்பர் 6, மாலை 4.52, மழை. மூன்று பேர் வரிசையாகப் போகிறார்கள். இரண்டு பேர் தலையில் சாக்கு. முன்னால் போகிறவன் தோளில் துப்பாக்கி. கடைசியாகப் போகிறவன் மழைக்கோட்டு, தொப்பியை இழுத்து மூடியிருக்கிறான். முகம் இல்லை. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 17. என் கையெழுத்து.

ரேஞ்சர் நாற்காலியைத் திருப்பினார்.

"பூதப்பாண்டி, இது உம்ம கோட்டுல்லா? ஆறாந்தேதி நீரு தெற்க மேடத்தோட இருந்தீரு, ரிஜிஸ்தர்ல இருக்கு. அப்பம் கோட்டுக்குள்ள இருக்கவன் யாரு?"

கோட்டு முகாமில்தான் இருந்தது, எப்படிப் போனதென்று தெரியாது என்று சொன்னேன். அந்த வாக்கியம் ஒரு வாரமாகவே எனக்குள் தயாராக இருந்திருக்கிறது. தடங்கலில்லாமல் வந்தது.

ரேஞ்சர் மாடக்கண்ணுவைப் பார்த்தார். "சாமான் ஒம்ம பொறுப்புல்லாவே? யாருக்குக் குடுத்தீரு?"

மாடக்கண்ணு ஓரடி முன்னால் வந்தான். "ஐயா, நான் யாருக்கும் குடுக்கலய்யா. கெளம்பும்போதே கோட்டு இல்ல. பூதண்ணேந்தான் இங்ஙனயே கெடக்கும்னு..." என்று என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் குற்றம் சொல்கிற பார்வை இல்லை. நான் காப்பாற்றிவிடுவேன் என்கிற பார்வை. அதுதான் தாங்கவில்லை.

"முகாம்ல கையெழுத்துப் போடாம ஒரு கோட்டு வெளிய போயிருக்கு. இவர இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தி வைங்க" என்றார் ரேஞ்சர், மேடத்திடம்.

பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். ஒன்பது நாளாகச் சுமந்ததில் என்னிடம் அது தீர்ந்துபோயிருந்தது.

"ஐயா, கோட்டத் தீவாளிக்கி நாந்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது எம் மச்சினன், கொம்பையா" என்றேன்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பென்சிலை எடுத்தேன். பென்சிலில் எழுதியது செல்லாதாம். பேனா கொடுத்தார்கள். நாலு பக்கம். கடைசியில், யாரும் கேட்காத ஒன்றையும் எழுதினேன்: ஓடைக்கு நடுவில் நான் வழுக்கி விழவில்லை. கார்டு டப்பாவை வெளிப் பையில் வைத்து மூடியைத் திறந்து விட்டதும் நான்தான்.

வெளியே வந்தபோது மேடம் படியில் நின்றது.

"அத யாரும் கேக்கலையே அண்ணாச்சி."

"ஒங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"நீங்க கட்டுனது எதுவும் தானா அவுந்து நான் பாக்கல."

"தெரிஞ்சுமா அரிசிப் பைய எம் முதுகுலயே விட்டிய?"

"எம் பை ஈரம். வேற எங்க வைப்பேன்?" என்றது மேடம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

நவம்பர் 22, வெள்ளி

பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மாடக்கண்ணு வந்து சொன்னான். சொல்லும்போது அவன்தான் அழுதான்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் கொம்பையாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காய்ச்சலோடு போனானாம். கோட்டையும் கொடியிலிருந்து எடுத்துப் போயிருந்தார்கள். பேராச்சி அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது. கத்தவில்லை.

"அவன் செஞ்சது தப்புதான். நான் இல்லங்கல" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. நீங்க அந்த வாரம் எந்தப் பக்கம் போறியன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எல்லாம் நினைவிருந்தது. தீபாவளியன்று சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். "அடுத்த வாரம் எந்தப் பக்கம் அத்தான்?" என்று கேட்டான். தெற்கே என்றேன். வீட்டுப் பிள்ளைதானே. அதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறான், அதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறேன்.

"நாந்தான் சொன்னேன்."

"அத எழுதிக் குடுத்தியளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்பம் எந்தம்பி பேர மட்டுந்தான் பேனால எழுதுனியளா?"

அவள் எழுந்து போய் முகம் கழுவினாள். நான் அவள் மளிகைச் சிட்டை எழுதுகிற பேனாவை எடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் ஐந்தாம் பக்கம் என்று மேலே போட்டு, எந்தத் தேதியில் என்ன கேட்டான், என்ன சொன்னேன் என்று நினைவுக்கு வந்தவரைக்கும் எழுதினேன். இந்தப் பக்கத்தோடு தற்காலிக வேலையும் போய்விடும். கையெழுத்துப் போட்டேன்.

ஆபீசுக்கு இன்றே கொண்டுபோக வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் எனக்கு மனசு மாறிவிடும். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கோட்டு இல்லை. தாளை நாலாக மடித்துப் பாலித்தீனில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, கழுத்தைத் திருகி மடக்கினேன். நாடாவின் ஒரு முனையைப் பேராச்சி வந்து பிடித்துக்கொண்டாள். மூன்று சுற்றுச் சுற்றினேன். பேனாவில் எழுதியது, நனையக் கூடாது.